கருப்பொருள் உண்டு, உரிப்பொருள் எங்கே?
தொடக்கப்பள்ளிப் பாடக்குறிப்பு பற்றி ஒரு திறனாய்வு

திறனாய்வு என்றதும் கவிதையும் புதினமும் நாடகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தமிழ்நாட்டில் வாரந்தோறும் ஆயிரக்கணக்கான கைகள் எழுதும் ஓர் உரைநடை வகையைத் திறனாய்வாளர் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர் எழுதும் பாடக்குறிப்பே அது. தலைமையாசிரியரின் கையொப்பம் பெறுவதோடு அதன் வாழ்வு முடிந்துவிடுவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதன்பிறகுதான் அது வாழத் தொடங்குகிறது. அதை ஒருபோதும் படிக்காத குழந்தைகள் ஒரு வாரம் முழுவதும் அதற்குள்தான் வாழ்கிறார்கள். ஒரு நூல் நன்றாக இல்லையெனில் மூடி வைத்துவிடலாம். பாடக்குறிப்பு நன்றாக இல்லையெனில் மூடி வைக்கும் உரிமை குழந்தைக்கு இல்லை. எனவே இதனை இலக்கிய ஏட்டில் ஆராய்வது பொருத்தமே.

பாடக்குறிப்புகளுள்ளும் இன்று பெரிதும் பாராட்டப்படும் ஒரு வகையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல், ஓவியம் ஆகியவற்றை ஒரே பொருளின்கீழ் இணைத்துக் கற்பிக்கும் ஒருங்கிணைந்த பாடம் என்பது அதன் பெயர். நோக்கம் உயர்ந்தது. குழந்தையின் உலகம் பாடவேளைகளாகப் பிரிந்து கிடக்கவில்லை. ஆற்றங்கரையில் நிற்கும் சிறுமிக்கு நீரின் குளிர்ச்சி அறிவியலாகவும், படித்துறையின் படிகள் கணிதமாகவும் தனித்தனியே தோன்றுவதில்லை. பிரிந்ததை மீண்டும் சேர்ப்போம் என்று ஆசிரியர் முனைவது நியாயமே. ஆனால் எப்படிச் சேர்க்கிறார் என்பதில்தான் நம் திறனாய்வு தொடங்குகிறது.

வழக்கமான ஒரு குறிப்பை நாமே அமைத்துப் பார்ப்போம். தாளின் நடுவே ஒரு வட்டம். அதனுள் ‘நீர்’ என்ற சொல். வட்டத்திலிருந்து ஐந்து கோடுகள். தமிழுக்கு ஒரு மழைப்பாட்டு. கணிதத்துக்கு ஏழு குடமும் ஐந்து குடமும் கூட்டல். அறிவியலுக்கு நீரின் மூன்று நிலைகள். சமூக அறிவியலுக்குத் தமிழக ஆறுகளின் பெயர்ப்பட்டியல். ஓவியத்துக்கு நீர்த்துளிக்கு நீலவண்ணம் தீட்டல். பார்வைக்கு அழகாக இருக்கிறது. பார்வையிட வரும் அலுவலரும் மகிழ்வார். இப்போது ஒரு சிறு சோதனை செய்வோம். கணக்கிலிருந்து குடத்தை எடுத்துவிட்டு மாம்பழத்தை வைப்போம். கணக்கில் ஏதேனும் மாறியதா? இல்லை. ஆறுகளின் பட்டியலைத் தெரிந்துகொண்டதால் மழைப்பாட்டு முன்னைவிட நன்றாக விளங்கியதா? அதுவும் இல்லை. ஐந்து பாடங்களும் ஒரு பந்தலின் கீழ் வந்து அமர்ந்தன, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

திணை தரும் அளவுகோல்

இந்தக் குறையைச் சுட்டுவதற்கு அயல்நாட்டுக் கலைச்சொல் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரம் முதல், கரு, உரி என்ற மூன்றை நமக்குத் தந்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அந்த நிலத்தில் வாழும் மாந்தரின் அகவொழுக்கம் உரிப்பொருள். நிலவியலும் உயிரியலும் தொழிலும் இசையும் ஒரே வட்டத்துக்குள் வந்து நிற்கும் இவ்வமைப்பைவிடச் சிறந்த ஒருங்கிணைந்த பாடத்திட்டம் வேறு எங்கே உண்டு?

ஆயினும் உரிப்பொருள் இல்லாமல் கருப்பொருளை மட்டும் அடுக்கினால் கவிதை பிறவாது, பட்டியல்தான் பிறக்கும். மரமும் பறவையும் கவிதைக்குள் வருவதற்குக் காரணமாக இருப்பது ஒரு நெஞ்சின் தவிப்பு. நம் ஒருங்கிணைந்த பாடங்கள் பலவற்றின் நோய் இதுதான். கருப்பொருள் நிறைய உண்டு; உரிப்பொருளைக் காணோம். கவிதையில் உரிப்பொருள் எதுவோ, பாடத்தில் அது ஒரு கேள்வி. எந்த ஒரு பாடத்தாலும் தனித்து விடை சொல்ல இயலாத, குழந்தை உண்மையாகவே விடையறிய விரும்புகிற ஒரு கேள்வி. அந்தக் கேள்வி இருந்தால் பாடங்கள் தாமாகவே வந்து சேரும். அழைத்துவந்து அமர்த்த வேண்டியதில்லை. ‘நீர்’ என்பது பொருள், கேள்வி அன்று.

கடந்துவந்த பாதை

இணைத்துக் கற்பிக்கும் எண்ணம் புதியது அன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு உருவாக்கிய ஆதாரக் கல்வித் திட்டம், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து ஏனைய பாடங்களை அதனோடு இணைக்க முயன்றது. நூல் நூற்கும்போது நீளமும் எடையும் கணிதமாகும். பருத்தியின் பயணம் நிலவியலாகவும் வரலாறாகவும் ஆகும். காந்தியடிகளின் இந்தக் கனவில் உரிப்பொருள் இருந்தது. ஒரு பொருளைத் தன் கையாலேயே செய்து முடிக்கவேண்டும் என்ற தேவை அதன் உயிராயிற்று. ஆனால் எல்லாவற்றையும் தக்ளியோடு கட்டிவிட வேண்டும் என்ற கட்டாயம் வந்தபோது இணைப்புகள் செயற்கையாகின. அக்காலக் கல்வியாளர் பலரும் இதனைச் சுட்டிக்காட்டினர்.

இங்கிலாந்திலும் இதே கதை நிகழ்ந்தது. 1967 இல் வெளியான பிளௌடன் அறிக்கை, குழந்தையின் ஆர்வத்தைப் பின்பற்றும் பொருள்வழிப் பாடங்களுக்கு ஊக்கம் தந்தது. கால்நூற்றாண்டு கழித்து, 1992 இல், ராபின் அலெக்சாண்டர், ஜிம் ரோஸ், கிறிஸ் உட்ஹெட் ஆகிய மூவர் அரசுக்கு அளித்த அறிக்கை, அத்தகைய பாடங்களுள் பல துண்டு துண்டாகவும் மேலோட்டமாகவும் போய்விட்டன என்று கூறியது. இணைத்துக் கற்பிப்பதையே அவர்கள் புறந்தள்ளவில்லை. திட்டமின்றி இணைப்பதையே குறைகூறினர். இது நாமும் நினைவில் கொள்ளத்தக்கது.

தமிழ்நாட்டில் 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08 இல் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றல் முறை, குழந்தையின் அச்சத்தைப் போக்கியது. ஆசிரியரைக் குழந்தைகளோடு தரையில் அமர வைத்தது. ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் முன்னேற வழிசெய்தது. இவை சிறிய சாதனைகள் அல்ல. ஆயினும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஏணிப்படி, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை என்றிருந்தமையால், குழந்தை பல ஏணிகளில் தனித்தனியே ஏறியது. ஏணிகளுக்கிடையே பாலம் இல்லை. 2012-13 இல் முப்பருவ முறை வந்தபோது பல பாடங்கள் ஒரே அட்டைக்குள் கட்டப்பட்டன. பையின் சுமை குறைந்தது, நல்லதே. ஆனால் பாடங்களை இணைத்தது கட்டுநரின் ஊசிநூல்தான். சிந்தனையின் நூல் அன்று. 2022 இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் தெரியாமல் குழந்தை மேல்வகுப்புக்குப் போய்விடக் கூடாது என்ற அக்கறையில் பிறந்தது. பாடலும் ஆடலும் பொம்மலாட்டமும் அதில் நிறைய உண்டு. அடிப்படைத் திறன் வந்தபின் அதை எதற்காகப் பயன்படுத்துவது என்ற கேள்வி அத்திட்டத்துக்கு அடுத்த படியில் நிற்கிறது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வெளியான மாநிலப் பாடநூல்களோ மூன்றாம் வகுப்பிலேயே அறிவியலையும் சமூக அறிவியலையும் பிரித்துவிட்டன. ஆகவே இணைக்கும் பொறுப்பு நூலிடம் இல்லை. ஆசிரியரின் பாடக்குறிப்பிடம்தான் இருக்கிறது.

கொற்கையில் கடல் எங்கே?

இனி ஒரு நல்ல கேள்விக்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டுத் தேடுவோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் நீளமே உடையது. அதற்குள் மலையும் வயலும் கடலும் அடங்கிவிடுகின்றன. ‘டோட்டோ சான்’ என்ற ஜப்பானிய நூலைத் தமிழில் படித்தவர்கள் கோபயாஷி என்ற தலைமையாசிரியரை அறிவார்கள். மதிய உணவில் கடலிலிருந்து ஒன்றும் மலையிலிருந்து ஒன்றும் இருக்கட்டும் என்று பெற்றோரிடம் அவர் கேட்டுக்கொண்டார். அந்த ஒரு வேண்டுகோளில் உணவியலும் நிலவியலும் சொல்வளமும் அடங்கின. மலையும் கடலும் ஒரே நாள் பேருந்துப் பயணத்துக்குள் இருக்கும் நமக்குக் கேள்விகளுக்குப் பஞ்சமா?

ஐந்தாம் வகுப்புக்கு இதோ ஒரு கேள்வி: கொற்கையில் கடல் எங்கே போயிற்று?

பாண்டியரின் முத்துத்துறையாகச் சங்க இலக்கியமும், கிறித்து பிறந்தபின் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூலும் குறிப்பிடும் துறைமுகம் கொற்கை. இன்று அங்கே சென்று நிற்கும் குழந்தை வயலையும் குளத்தையும் காண்கிறது, கடலைக் காணவில்லை. நூலில் துறைமுகம், கண்ணெதிரே வயல். இந்த முரண்தான் உரிப்பொருள். இதற்கு விடை காணத் தமிழ்ப்பாடம் மட்டும் போதாது. அறிவியல் மட்டும் போதாது.

முதலில் அறிவியலைக் கூப்பிடுவோம். ஆற்றுமணலும் களிமண்ணும் கலந்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் கலக்கி அசையாமல் வைத்தால் மணல் முதலில் அடியில் படிகிறது. களிமண் நெடுநேரம் மிதக்கிறது. இன்னொரு குவளையில் உப்பைக் கரைத்து அதே களிமண்ணைக் கலக்கினால் மண் திரண்டு விரைவில் படிவதைக் காணலாம். ஓட்டம் தளர்ந்து, கடலின் உப்புநீரைச் சந்திக்கும் இடத்தில் ஆறு தன் சுமையை இறக்கிவைக்கிறது என்பதைக் குழந்தை தன் கண்ணாலேயே கண்டுகொள்கிறது.

அடுத்துக் கணிதம் வருகிறது. வரைபடத்தில் கொற்கைக்கும் கடற்கரைக்கும் இடையே நூலை வைத்து அளந்து, வரைபட அளவையின்படி கிலோமீட்டராக மாற்றலாம். அளவு 6 கிலோமீட்டர் என வந்தது என்று கொள்வோம். 6,000 மீட்டரை 2,000 ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 3 மீட்டர். வகுப்பறையின் அகலத்தைவிடக் குறைவான தொலைவு! ஆண்டுதோறும் சீராகவே கடல் விலகியிருக்குமா என்று ஒரு குழந்தை கேட்டால், சராசரி என்பதன் பொருளும் அதன் எல்லையும் அங்கேயே விளங்கிவிடும். இந்தக் கணக்கில் மாம்பழத்தைக் கொண்டுவந்து வைக்க இயலாது. கேள்விக்குள்ளிருந்தே பிறந்த கணக்கு இது.

பிறகு வரலாறு. கொற்கைத் துறை தூர்ந்தபின் கடலை நோக்கித் துறைமுகம் நகர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல், இன்றைய பழையகாயல் பகுதியே என்பது கால்டுவெல் போன்றோரின் கருத்து. அதுவும் தூர்ந்தபின் புன்னைக்காயல் வந்தது. தமிழ் அச்சுநூல்களின் முன்னோடியான அன்றிக் அடிகளார் பதினாறாம் நூற்றாண்டில் அங்கே பணிபுரிந்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். மூன்று ஊர்களின் பெயரும் ஆற்றின் கதையில் மூன்று அதிகாரங்களாகிவிடுகின்றன. துறைமுகம் போனால் முத்துக் குளித்தவர் எங்கே போவார், வணிகர் எங்கே போவார் என்று குழந்தை தானே கேட்கும்.

இறுதியில் மொழி. கொற்கையின் கடைசிப் படகோட்டியாகத் தன்னை எண்ணி ஒரு மடல் எழுதச் சொன்னால், வெறும் கற்பனைக் கட்டுரை வராது. மண்ணும் அளவும் காலமும் அறிந்த கை எழுதும் மடல் வரும். கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர் எழுத்துப்பிழையை மட்டுமன்றி, கடல் விலகியதன் காரணம் அதில் சரியாக வந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். மதிப்பீடும் ஒன்றாகிவிடுகிறது.

கொற்கை எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஒவ்வொரு ஊரும் தன் கேள்வியை வைத்திருக்கிறது. விக்கிரமசிங்கபுரத்துப் பள்ளியில், பஞ்சு விளையாத மலையடிவாரத்துக்குப் பஞ்சாலை ஏன் வந்தது என்று கேட்கலாம். அருவியின் விசை விடை சொல்லும். ஸ்ரீவைகுண்டம் பகுதியில், எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து வரும் நீர் கடைமடைக்கு எப்போது வந்து சேர்கிறது என்று கேட்கலாம். நெல்லைக்கும் பாளைக்கும் இடையே, 1843 இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் பதினொரு வளைவுகளைக் காட்டி, தட்டையாகக் கட்டாமல் ஏன் வளைத்துக் கட்டினார்கள் என்று கேட்கலாம்.

ஊரைப் படிப்பதும் ஊரில் கட்டிப்போடுவதும்

இங்கே ஓர் எதிர்ப்புக் குரல் எழலாம். அது நியாயமான குரல். 1953 இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் குழந்தை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று அது கடுமையாக எதிர்க்கப்பட்டது. 1954 இல் காமராசர் முதல்வரானபின் கைவிடப்பட்டது. உள்ளூர், உள்ளூர்த் தொழில் என்று பேசும் எந்தப் பாடத்திட்டமும் இந்த நினைவைத் தாண்டியே நடக்கவேண்டும். மீனவர் குழந்தைக்கு வலையும், பனையேறி குழந்தைக்குப் பாளையும், பாய்நெய்பவர் குழந்தைக்குக் கோரையும் என்று பங்கிட்டுக் கொடுத்தால், நகரத்துக் குழந்தைக்கு மட்டும் வானமும் விண்மீனும் மிஞ்சும்.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். வண்ணத்தாளைக் கீற்றாக வெட்டிப் பாய்போல் பின்னச் சொல்வது ஒரு கைவேலை. அதுவே பாடமாகிவிடாது. கோரை ஏன் ஆற்றுநீரில் ஊறவேண்டும், பாவிழை எண்ணிக்கை கூடினால் பாய் ஏன் மென்மையாகிறது, நெய்ய எத்தனை நாளாகிறது, கடையில் விற்கும் விலையில் நெய்த பெண்ணின் கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்பது பாடம். முதல் மூன்று கேள்விகள் அந்தத் தொழிலின் அறிவை மதிக்கின்றன. நான்காவது கேள்வி அந்தத் தொழிலின் நியாயத்தை விசாரிக்கின்றது. விசாரிக்கத் தெரிந்த குழந்தை எந்தத் தொழிலுக்கும் கட்டுப்பட்டதன்று. தான் விரும்பினால் அதில் நிற்கும், விரும்பாவிடில் வெளியேறும். உள்ளூர்ப் பாடம் விடுதலைக்கானதா அடைப்புக்கானதா என்பதை அறிய இதுவே உரைகல்.

இணைக்கக் கூடாதவை

இணைப்பின்மீது கொண்ட ஆர்வத்தால் அளவு மறந்துவிடுவதும் உண்டு. பெருக்கல் வாய்பாட்டைக் குழந்தை மனத்தில் பதிக்க அதற்கென்றே நேரம் வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பயிற்சிக்கும் அப்படியே. இவை படிப்படியாக ஏறவேண்டிய ஏணிகள். இவற்றை ஆற்றோடு விட்டுவிட முடியாது. படிக்கத் தடுமாறும் குழந்தைக்குக் கொற்கைப் பாடம் கொண்டாட்டமாக இருக்கலாம். ஆனால் அட்டையிலுள்ள செய்தியை மற்றவர்கள் படிக்க, அது படகுக்கு வண்ணம் மட்டும் தீட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கொண்டாட்டம் அதற்குச் செய்யும் துரோகம். நாள்தோறும் பயிற்சிக்கு ஒரு நேரம், பருவத்துக்கு ஓரிரு பெருங்கேள்விகள் என்று வகுத்துக்கொள்வதே ஆசிரியரின் உழைப்புக்கும் தாங்கும். ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தும் ஈராசிரியர் பள்ளிகளில் வாரம் ஒரு கருப்பொருள் என்று விதிப்பது இரக்கமற்ற செயல். அதே பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகள் சேர்ந்து ஒரே கேள்வியைத் தேடினால் அது ஆசிரியரின் சுமையைக் குறைக்கவும் கூடும்.

நல்ல பாடக்குறிப்பை அடையாளம் காண நாம் மூன்று வினாக்களை முன்வைக்கிறோம். நடுவிலுள்ளது பெயரா, கேள்வியா? ஒரு பாடத்தை எடுத்துவிட்டால் விடை குறைபடுகிறதா? முடிவில் குழந்தை, தொடக்கத்தில் செய்ய இயலாத எதனைச் செய்கிறது? மூன்றுக்கும் விடை தரும் குறிப்பு அரைப்பக்கமே இருந்தாலும் சிறந்த இலக்கியம். விடை தராதது நான்கு வண்ணத்தில் இருந்தாலும் அலங்காரம்.

பழைய நெல்லைச் சீமையின் காமநாயக்கன்பட்டியில் பணிபுரிந்த வீரமாமுனிவர், பரமார்த்த குருவின் கதையில் ஆற்றைக் கடந்த சீடர்களைக் காட்டுகிறார். ஒவ்வொருவனும் எண்ணிப் பார்க்கிறான். ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் குறைகிறது. எண்ணுகிறவன் தன்னை எண்ண மறந்துவிடுகிறான். பாடக்குறிப்பு எழுதும்போதும் இதே மறதி நேரலாம். தமிழ் வந்ததா, கணிதம் வந்ததா, அறிவியல் வந்ததா என்று எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்துவிட்டு, கேட்கும் குழந்தையை எண்ணாமல் விட்டுவிடுகிறோம்.

பெற்றோராகவும் ஆசிரியராகவும் ஞாயிறு மறைக்கல்வி நடத்துவோராகவும் இருக்கும் பொதுநிலையினராகிய நமக்கும் இதில் பங்குண்டு. இன்று மாலை பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் என்ன படித்தாய் என்று கேட்பதோடு, என்ன கேட்டாய் என்றும் கேட்போம். விடை வராத நாள்கள் பல இருக்கும். ஆயினும் அந்த வினாவை நாம் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால், அது வீட்டிலிருந்து வகுப்பறைக்கும் வகுப்பறையிலிருந்து பாடக்குறிப்பேட்டுக்கும் சென்று சேராமல் போகாது.